அறிஞர்களோடு அரசியல் பேச வருகிறீர்களா? எங்கள் வெள்ளவத்தைக் கூட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டு மேல்மாடியில் கூடுகிறோம். ஒரு வரலாற்றாசிரியரோ சட்ட விரிவுரையாளரோ சமூக ஆய்வாளரோ வருவார். அரை மணித்தியாலம் அவர் பேசுவார், மிச்ச நேரம் முழுக்கக் கேள்வி பதில்தான். அமைப்பு, சந்தா, நிர்வாகக் குழு என்று எதுவும் கிடையாது. புதிதாக வர நினைப்பவர்கள் போனில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள் என்பதால், பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

யார் வரலாம்?

விருப்பமுள்ள எவரும் வரலாம். வங்கியில் வேலை செய்பவர்கள், உயர்தர மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவர்கள் என்று ஒரு கலவையான கூட்டம். முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை. கதிரைதான் குறைவு, பிந்தி வந்தால் படியில் இருக்க வேண்டி வரும்.

அரசியல்வாதிகளை ஏன் அழைப்பதில்லை?

அவர்களுக்கு ஏற்கெனவே மேடையும் ஒலிவாங்கியும் இருக்கின்றன. அதோடு, அவர்களிடம் எதைக் கேட்டாலும் அடுத்த தேர்தலை மனத்தில் வைத்துத்தான் பதில் வரும். "அது எனக்குத் தெரியாது" என்று ஓர் ஆய்வாளர் கூச்சமில்லாமல் சொல்லலாம். வாக்குக் கேட்டு வருபவரால் அது முடியாது.

ஆனால் இந்த நாட்டில் இரண்டுக்கும் நடுவே பெரிய மதில் ஒன்றும் இல்லை. கொல்வின் ஆர். டி சில்வா, பிரித்தானியர் ஆட்சிக்கால இலங்கையை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்து, அது நாட்டை இரண்டாக்கும் என்று எச்சரித்தவர். அதே மனிதர் அமைச்சராக இருந்து உருவாக்கிய 1972 குடியரசு யாப்பு, சிங்களம்தான் அரச கரும மொழி என்பதை யாப்புக்குள்ளேயே எழுதியது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. சிறுபான்மையினருக்குக் காப்பு என்று சுதந்திரக் காலத்துச் சோல்பரி யாப்பில் இருந்த 29ஆம் பிரிவைக் கைவிட்டது. படித்தவர்கள் அதிகாரத்துக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது தொடங்கினால், கூட்டத்தில் ஒருவர் கொல்வினின் பெயரைச் சொல்லுவார்.

பிறகு அமைச்சரான ஜீ.எல். பீரிஸ் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். 2024இல் பிரதமரான ஹரிணி அமரசூரிய திறந்த பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். பதவியில் இருக்கும்வரை யாரையும் அழைக்க மாட்டோம். இறங்கிய பிறகு வரட்டும், தேத்தண்ணி தருவோம்.

வரலாறு தெரியாமல் வந்தால் விளங்குமா?

விளங்கும். நாலைந்து ஆண்டுகள் மனத்தில் இருந்தால் பேச்சைப் பின்தொடர்வது சுலபம், அவ்வளவுதான். 1931இல் டொனமூர் யாப்பு 21 வயதான ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை தந்தது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அந்தத் தேர்தலைப் புறக்கணித்தது; முழுச் சுயராஜ்யம் தரவில்லை என்பதே அவர்கள் கோபம். புதிதாக வரும் பிள்ளைகள் இதை நம்ப மறுப்பார்கள்! அப்புறம் 1948, 1956, 1972, 1978, 1987. மிச்சத்தைப் பேச்சாளரே சொல்லித் தருவார்.

உங்கள் கூட்டத்தில் "நடக்காத தேர்தல்" என்று ஒரு பேச்சு அடிக்கடி அடிபடுகிறதாமே?

ஆம். கொழும்பில் அரசியல் கதைப்பவர்கள் யார் வென்றார், எத்தனை ஆசனம் என்றே கதைப்பார்கள். அதிகாரம் எங்கே குவிந்தது என்று அறிய, எந்தத் தேர்தல் நடக்கவில்லை என்று பார்ப்பதுதான் நல்ல வழி என்பது என் வாதம். பல ஆய்வாளர்கள் இதை ஒத்துக்கொள்கிறார்கள், சிலர் தலையாட்டிவிட்டு வேறு கதைக்குப் போகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 1970 மே மாதம் தெரிவான பாராளுமன்றம் ஐந்து வருடத்தில் முடிந்திருக்க வேண்டும். 1972இல் புதிய யாப்பு வந்தபோது ஆயுளைப் புதிதாக எண்ணத் தொடங்கினார்கள். அது 1977 வரை இருந்தது. 1977 ஜூலையில் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐப் பிடித்தது. கிடைத்த வாக்கோ பாதியைச் சற்றே தாண்டியதுதான். அடுத்த வருடம் அவர்கள் கொண்டுவந்த யாப்பின்படி, அதற்குப் பிறகு வரும் பொதுத் தேர்தல் விகிதாசார முறையில் நடக்க வேண்டும். 1982 ஒக்டோபரில் ஜனாதிபதித் தேர்தலில் ஜே.ஆர். ஜயவர்தன ஏறக்குறைய 53 வீத வாக்குப் பெற்றார். அந்த வீதத்தை ஆசனங்களாக மாற்றினால் மூன்றில் இரண்டு வராது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? ஆளுங்கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். தேர்தலுக்குப் பதிலாக, இருக்கிற பாராளுமன்றத்தை இன்னும் ஆறு வருடம் நீடிக்கலாமா என்று 1982 டிசம்பர் 22ஆம் திகதி சர்வஜன வாக்கெடுப்பு நடத்தினார். ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் பானை. ஏறக்குறைய 55 வீதம் பெற்று விளக்கு வென்றது. யாழ்ப்பாண மாவட்டம் பானைக்குத்தான் போட்டது.

ஆக, 1970 மே தேர்தலுக்கும் 1989 பெப்ரவரித் தேர்தலுக்கும் இடையில், ஏறக்குறைய பத்தொன்பது வருடத்தில், நாடு கண்ட பொதுத் தேர்தல் ஒன்றே ஒன்று.

இதன் விளைவு வெறும் கணக்கு அல்ல. 1983 ஓகஸ்டில், கறுப்பு ஜூலையின் சாம்பல் ஆறுவதற்குள், ஆறாம் திருத்தத்தை நிறைவேற்றியது 1977இல் தெரிவான அதே சபை. பிரிவினையை ஆதரிப்பதில்லை என்று சத்தியம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனம் இழந்தார்கள். 1987 நவம்பரில் மாகாண சபைகளை உருவாக்கிய 13ஆம் திருத்தத்தை நிறைவேற்றியதும் அதே சபைதான். அதாவது, வடக்கு கிழக்குக்கு என்ன அதிகாரம் என்று வாக்கெடுத்த நாளில், வடக்கு 1977இல் வாக்களித்து அனுப்பிய கூட்டணி உறுப்பினர் ஒருவர்கூட உள்ளே இல்லை. தமிழர் பிரச்சினைக்குத் தீர்வு என்று சொல்லப்படும் ஏற்பாட்டின் பிறப்புக் கதை இது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இந்தக் கோணத்தில் யாரும் எழுதுவதில்லை.

இப்போதைய நிலைமையும் இதே வரிசைதான். வட மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பரில். நாட்டிலேயே கடைசியாக நடந்தது 2014இல், ஊவாவில். 2017இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறை கொண்டுவந்தார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது 139 பேர் எதிர்த்தார்கள், ஆதரித்தவர் எவருமில்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை போயிற்று, புதிய முறை வரவில்லை. சபைகளின் காலம் முடிய, ஜனாதிபதி நியமித்த ஆளுநர்களின் கையில் மாகாணங்கள். உள்ளூராட்சித் தேர்தல் 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்கவிருந்தது. பணமில்லை என்று நிறுத்தினார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் சொன்னது. தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் திகதி.

நிறைவேற்று ஜனாதிபதி முறையைப் பற்றி எத்தனை தரம்தான் பேசுவீர்கள்? அதை ஒருவரும் ஒழிக்கப் போவதில்லையே?

ஒழிப்போம் என்று 1994இல் சந்திரிகா சொன்னார். 2005இல் மகிந்த, 2015இல் மைத்திரிபால, 2024இல் தேசிய மக்கள் சக்தி. சலிப்பு வருவது நியாயம்தான். ஆனால் ஒழிக்காமல் செய்த வேலைகளைப் பார்த்தால் சுவாரசியம் வரும். 2001இல் 17ஆம் திருத்தம், நியமனங்களில் ஜனாதிபதிக்கு ஒரு கடிவாளம் போட்டது. 2010இல் 18ஆம் திருத்தம் அதைக் கழற்றி, இரண்டு தடவை மட்டுமே என்ற வரம்பையும் நீக்கியது. 2015இல் 19 மறுபடி போட்டது, 2020இல் 20 மறுபடி கழற்றியது, 2022இல் 21 மறுபடி போட்டது. இருக்கையில் இருப்பவர் யார், பாராளுமன்றத்தில் அவருக்கு எத்தனை பேர் என்பதைத் தவிர வேறு எந்தத் தத்துவமும் இந்தப் போக்குவரத்தில் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கூட்டத்தில் சூடு பிடிக்கும் விவாதம் வேறு. ஜனாதிபதி நாடு முழுவதும் பாதிக்கு மேல் வாக்குப் பெற வேண்டும், ஆகவே தமிழ், முஸ்லிம் வாக்கில்லாமல் யாரும் வர முடியாது, அதனால் இந்த முறை சிறுபான்மையினருக்கு நல்லது என்று நீண்டகாலமாக ஒரு வாதம் இருந்தது. 2019இல் கோட்டாபய ராஜபக்ச பெரும்பாலும் தெற்கின் வாக்கால் 52.25 வீதம் எடுத்தார். அன்றோடு அந்த வாதம் செத்தது என்கிறார்கள் சிலர். 2024இல் முதற்தடவையாக ஒருவரும் பாதியைத் தொடவில்லை, 42.31 வீதம் பெற்ற அநுர குமார திசாநாயக்க, இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ணிய பிறகே வென்றார். வாதம் இன்னும் சாகவில்லை என்கிறார்கள் மற்றவர்கள்.

சட்டம் படிக்காதவர்களுக்கு யாப்பு உறுப்புரையெல்லாம் தலைக்குள் ஏறுமா?

ஒரு சட்ட விரிவுரையாளர் 2018 நெருக்கடியைப் பற்றிப் பேச வந்தபோது பேசவே இல்லை. ஒவ்வொருவருக்கும் இரண்டு போட்டோக் கொப்பி தந்தார். ஒன்று, மைத்திரிபால சிறிசேன 2018 நவம்பர் 9ஆம் திகதி பாராளுமன்றத்தைக் கலைத்த 2096/70 இலக்க விசேட வர்த்தமானி. மற்றது யாப்பின் இரண்டு துண்டுகள். 33ஆம் உறுப்புரை, பாராளுமன்றத்தைக் கூட்டவும் ஒத்திவைக்கவும் கலைக்கவும் ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டு என்கிறது. 70ஆம் உறுப்புரையோ, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் கேட்டாலொழிய, முதலாம் கூட்டத்திலிருந்து நான்கரை வருடம் ஆகும்வரை கலைக்க முடியாது என்கிறது. பாராளுமன்றம் கூடியது 2015 செப்டம்பர் 1ஆம் திகதி. "நீங்களே நீதிபதி, சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி இருந்துவிட்டார்.

மரைன் டிரைவ் பக்கத்தால் களுத்துறை ரயில் போகும்போது எங்கள் மேல்மாடியில் பேச்சு ஒரு நிமிஷம் நின்றுவிடும். அன்று ரயிலையும் மீறிக் கத்தினார்கள். 33 தனி அதிகாரம், அதற்கு 70 தடையில்லை என்று மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணா அரசாங்கத் தரப்பை அப்படியே வாதாடினார். பக்கத்திலிருந்த உயர்தர மாணவி, அப்படியென்றால் 70இல் நான்கரை வருடம் என்று எதற்கு எழுதி வைத்தார்கள் என்று கேட்டார். புதுக்கடையில் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் 2018 டிசம்பர் 13ஆம் திகதி ஒருமனதாகக் கொடுத்த தீர்ப்பும் அந்தப் பிள்ளையின் பக்கம்தான்: பொதுவாகச் சொன்ன அதிகாரத்தை, அதற்கென்று எழுதிய வரம்போடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். ஆக, ஏறும்.

நடப்பு விவகாரம் பேசுவீர்களா? அடுத்து யார் வருவார் என்று கேட்கலாமா?

நடப்பு பேசுவோம். அடுத்தது யார் என்று கேட்காதீர்கள். 2022 ஜூலை 20ஆம் திகதி பாராளுமன்றத்தில் ஜனாதிபதித் தெரிவு நடந்தபோது ரணில் விக்கிரமசிங்கவுக்கு 134, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுர குமாரவுக்கு மூன்று வாக்குகள். வென்றவரின் கட்சிக்கு அந்தச் சபையில் இருந்தது ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனம். மூன்று வாக்குப் பெற்றவர் இரண்டு வருடத்தில் ஜனாதிபதி. அவர் கூட்டணிக்கு 2024 நவம்பரில் 225இல் 159 ஆசனம், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறில் மூன்றும் அவர்களுக்கே. இதை முன்கூட்டிச் சொன்னவர் எவராவது எங்கள் கூட்டத்துக்கு வந்ததில்லை. ஏன் நடந்தது என்று பிறகு விளக்கியவர்கள் நிறையப் பேர். அந்த விளக்கங்களை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்ப்பதில்தான் ருசி.

13ஆம் திருத்தம் பற்றி ஒவ்வொரு ஆய்வாளரும் ஒவ்வொன்று சொல்கிறார்களே?

ஒரே திருத்தத்தில் வெவ்வேறு பக்கத்தைப் பார்க்கிறார்கள். மாகாண சபைக்கு என்று எழுதிய நிரலை வாசிப்பவருக்கு அது பெரிதாகத் தெரியும். ஆளுநரை நியமிப்பது ஜனாதிபதி, காணி பொலிஸ் அதிகாரங்கள் நடைமுறைக்கே வரவில்லை என்று பார்ப்பவருக்கு அது வெறும் கோதாகத் தெரியும். 2006இல் உயர் நீதிமன்றம் வடக்கு கிழக்கு இணைப்பு செல்லாது என்று சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்தைச் சொல்கிறார் என்று முதலில் கேட்டுவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

எல்லாம் வடக்கு கிழக்குக் கதைதானா? மலையகம், முஸ்லிம் மக்கள்?

இந்தக் குறை நியாயமானது, முன்பு அப்படித்தான் இருந்தது. இப்போது 1948ஐ எடுத்தால், மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டத்திலிருந்துதான் தொடங்குகிறோம். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதர்களைப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டார்கள். அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது 2003இல். இதைப் பேசும் நாளில் கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கமிருந்து ஆட்கள் கூடுதலாக வருவார்கள். தாத்தா பாட்டியின் கடவுச்சீட்டுக் கதை ஒவ்வொருவரிடமும் இருக்கும்.

1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியதும் பேசப்படும். அது பேசப்படும்போது "ஆனால்" என்று தொடங்கும் கேள்விகளுக்கு நான் ஒலிவாங்கி கொடுப்பதில்லை. இது ஜனநாயகமா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லைத்தான்.

சிங்கள ஆய்வாளர்கள் வருவார்களா? எந்த மொழி?

வருவார்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசுவார்கள், எங்களில் ஒருவர் பத்தி பத்தியாகத் தமிழில் சொல்லுவார். நேரம் இரட்டிப்பாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருபவர் பக்கச்சார்பானவர் என்றால்?

எல்லோருக்கும் ஒரு பக்கம் உண்டு. சான்று மாறினால் மனம் மாறுவாரா என்பதுதான் கேள்வி. வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலா 1960களில் தன் கலாநிதி ஆய்வில் இலங்கைத் தமிழ்க் குடியேற்றங்கள் பற்றி எழுதிய முடிவுகளை, பிறகு கிடைத்த தொல்லியல் சான்றுகளை வைத்து 2005இல் வெளிவந்த நூலில் தானே திருத்தினார். நாற்பது வருடம் கழித்து, யாரும் கட்டாயப்படுத்தாமல். எங்களுக்கு அப்படியானவர்கள் வேண்டும். எந்தக் கேள்விக்கும் ஒரே பதில் வைத்திருப்பவரை இரண்டாம் தடவை அழைப்பதில்லை.

இதெல்லாம் பேசப் பயமில்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் அநேகமாக ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், அவர்களுக்குக் காரணமும் இருக்கிறது. மருத்துவ பீட விரிவுரையாளர் ராஜனி திராணகம 1989 செப்டம்பர் 21ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் சுடப்பட்டார். அதிகாரப் பகிர்வு யோசனைகளை வரைவதில் பங்கெடுத்த நீலன் திருச்செல்வம் 1999 ஜூலை 29ஆம் திகதி, இங்கே பொரளைக்குப் போகும் வழியில், காலையில் வேலைக்குப் போகும்போது தற்கொலைக் குண்டால் கொல்லப்பட்டார். அரசியல் ஆய்வாளர் கேதீஸ் லோகநாதன் 2006 ஓகஸ்டில், தெஹிவளையில். ஆய்வு எழுதியதற்கும் யாப்பு வரைந்ததற்கும் உயிரைக் கேட்ட காலம் அது. கேட்டவர்கள் அரசாங்கம் மட்டுமல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்று அப்படியில்லை. ஆனால் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழல் இன்னும் போகவில்லை, 2024இல் இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. ஆகவே ஒளிப்பதிவு இல்லை, நேரலை இல்லை. கேள்வி கேட்டவரின் பெயரை வெளியே எழுதக் கூடாது. பேச்சாளர் சம்மதித்தால் அவர் குரலை மட்டும் பதிவுசெய்வோம்.

கேள்வி எப்படிக் கேட்பது?

சுருக்கமாக. "கேள்வி கேட்கமுன் ஒரு சிறு குறிப்பு" என்று எழும்புபவர்கள் பத்து நிமிஷத்துக்கு உட்கார மாட்டார்கள். அதனால் அந்த வசனத்துக்கு எங்கள் மேல்மாடியில் தடை.

வாசிக்க ஏதாவது?

நூலகம் இணையத்தளத்தில் பழைய ஈழத்துப் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் இலவசம். 2005இலிருந்து தொண்டர்கள் ஏற்றிவருகிறார்கள். பாராளுமன்ற உரைகளின் பதிவான ஹன்சாட்டை வாசியுங்கள், நாடகத்தைவிட நன்றாக இருக்கும். நேரம் இருப்பவர்கள் கறுவாத்தோட்டத்தில் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போகலாம். அரசாங்கம் ஒளித்துவைத்த சமீபத்திய தாள் ஏதும் வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போடுங்கள். எப்படி எழுதுவது என்று கூட்டம் முடிந்த பிறகு சொல்லித் தருவோம்.

நான் ஒரு தலைப்புச் சொல்லலாமா?

தாராளமாக. ஆனால் "தமிழர் எதிர்காலம்" என்று அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவோம், அதற்குப் பேச ஆள் நிறைய உண்டு, பதில் சொல்ல ஆள் இல்லை. 2017 சட்டத்தை ஒரு சிறு திருத்தத்தால் மாற்றிப் பழைய முறையிலேயே மாகாண சபைத் தேர்தலை நடத்த முடியாதா, முடியுமென்றால் ஏன் ஒரு அரசாங்கமும் செய்யவில்லை என்று கேளுங்கள். அதற்கு ஓர் ஆளைத் தேடிப் பிடித்து, அடுத்த ஞாயிறே கூட்டிவரப் பார்க்கிறோம்.